தறியும் முதலும்

திருத்தணிகை மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளொன்றுக்குப் படியொன்றாக எண்ணிக்கொண்டு ஏறுவது அடியார் வழக்கம். ஆடிக் கிருத்திகையன்று அப்படிகளில் மலர்க்காவடி சுமந்து வரும் கூட்டத்தைக் கூர்ந்து நோக்குவோர், அதில் நெசவூர்களிலிருந்து வந்தோர் பலர் இருத்தலைக் காண்பர். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை, பள்ளிப்பட்டு என்னும் ஊர்களில் எத்தெருவிற் புகுந்தாலும் தறியோசை காதில் விழும். முன்னாளில் அது கைத்தறியின் மெல்லோசை. இந்நாளில் பெரும்பாலும் விசைத்தறியின் வல்லோசை.

முதலாளித்துவத்தைக் குறித்துப் பேசப் புகுவோர் மான்செஸ்டர் நகரத்து ஆலைகளையும் அவற்றின் புகைபோக்கிகளையும் முன்னிறுத்திப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. மாணவரும் தேர்வுக்கு அவ்வாறே படிக்கின்றனர். ஆதலின், அப்பொருள் நம் ஊர்ப்புறத்துக்குரியதன்று என்னும் எண்ணம் அவருள்ளத்தில் எளிதில் வேரூன்றுகிறது. இக்கட்டுரை அவ்வெண்ணத்தை மறுப்பது. முதலாளித்துவத்தின்மேல் எழுந்த கண்டனங்களுள் மிகக் கூரியவற்றை, திருத்தணிப் பக்கத்து நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே ஒருவன் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முதற்கண் சொல்லைத் தெளிவோம். தமிழில் 'முதல்' என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும், வேரையும் குறிக்கும், வாணிகத்தில் இடும் பொருளையும் குறிக்கும். இடும் பொருள் யாவும் முதலாயின், தறியுடைய நெசவாளனும் முதலாளியே ஆவான். தறி அவனது, தறி நிற்கும் வீடும் பெரும்பாலும் அவனது. ஆயினும் அவனை முதலாளி என்று அழைப்பார் அவ்வூரில் எவரும் இலர். அச்சொல்லை அவர் வேறொருவர்க்கே வைத்திருக்கின்றனர். 1867-இல் 'மூலதனம்' என்னும் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்ட காரல் மார்க்சு, முதல் என்பது ஒரு பொருளன்று, மாந்தர்க்கிடையே உள்ள ஓர் உறவு என்று பல பக்கங்களில் நிறுவ முயன்றார். நெசவூர் மக்களின் வழக்கு அதனை ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது.

அவ்வுறவு எத்தகையது? கூலி நெசவு என்பது அதன் பெயர். ஜவுளி முதலாளி, அல்லது மாஸ்டர் வீவர் எனப்படுவார், நூலையோ பாவையோ தருகிறார். எந்நிறம், எவ்வகலம், எத்தனை இழை என்பவற்றை அவரே வகுக்கிறார். நெசவாளன் நெய்து கொடுக்கிறான். அளவுக்கேற்பக் கூலி பெறுகிறான். துணி எங்கே செல்கிறது, என்ன விலைக்கு விற்கிறது என்பவற்றை அவன் அறிய வேண்டுவதில்லை. தறி பழுதுபட்டால் செலவு அவனுடையது. சந்தை மந்தமுற்றால் பாவு வருவது நின்றுவிடும். அந்நாள்களின் பசியும் அவனுடையதே. இழப்பைத் தாங்கும் பொறுப்பு மட்டும் நோக்கின் அவன் முதலாளி. வருவாயை நோக்கின் கூலியாள். இவ்விரண்டின் இன்னாமையும் ஒருவன்மேல் ஏறி நிற்றலே இம்முறையின் தனித்தன்மை.

இந்நிலை இயற்கையாய் அமைந்ததன்று. திருத்தணி இன்று அடங்கியுள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்க்கோடியிற் பழவேற்காடு உளது. 1610-இல் டச்சுக்காரர் அங்கே வாணிக நிலையம் அமைத்தனர். 1613-இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டுசென்று, கீழ்த்திசைத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர். அன்று நம் துணியே கடல் கடந்த வாணிகத்துக்கு நாணயம் போல் இருந்தது. அதே பழவேற்காட்டிலிருந்து அடிமைகளாக மாந்தரும் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். துணியின் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாறாகாது.

ஆங்கிலக் கும்பினியார் காலத்தில் நிகழ்ந்த மாற்றம் இன்னும் ஆழமானது. தென்னாட்டு நெசவாளர் வரலாற்றை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியை வற்புறுத்துகிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெசவாளன் வணிகரிடம் முன்பணம் பெறுவான். ஆயினும் வேறொருவர் மிகுதி தருவாராயின், பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தினின்று விலகும் உரிமை அவனுக்கிருந்தது. விளைவு மிக்க வேளாண்மையால் உணவு மலிவாயிருந்தமையின் அவன் வாழ்வும் தாழ்ந்ததன்று. அக்காலத்து ஆங்கில நாட்டு நெசவாளனோடு ஒப்பிடத்தக்கது. நாட்டாட்சி கும்பினியின் கைக்கு வந்ததும் அவ்வுரிமை பறிபோயிற்று. முன்பணம் பெற்றவன் கும்பினிக்கன்றிப் பிறர்க்கு நெய்தல் கூடாது என்னும் கட்டளை பிறந்தது. காவலாட்கள் தறிக்கருகே நின்றனர். சந்தையின் போட்டியால் நெசவாளன் வீழ்ந்தான் என்று பாடநூல்களிற் படிக்கிறோம். ஆனால் முதலில் நிகழ்ந்தது போட்டியன்று. போட்டியிடும் உரிமையை அரசின் கையால் பறித்ததே முதலில் நிகழ்ந்தது. ஆலைத்துணியின் வெள்ளம் அதன் பின்னரே வந்தது.

மார்க்சு 1853-இல் நியூயார்க்கு நகரத்து நாளிதழொன்றில் இந்தியாவைப் பற்றி எழுதினார். இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதற்புகைவண்டி ஓடியது 1856-இல். ஆகவே அவர் எழுதியபோது நம்மவர் அப்புகைவண்டியைக் கண்டிலர். ஆங்கிலர் ஆட்சி நெசவுத்தொழிலை அழித்த கொடுமையை அவர் மறைக்கவில்லை. எனினும், இருப்புப்பாதை புதிய தொழில்களைத் தோற்றுவிக்கும். அத்தொழில்கள் பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைக்கும். அதன்மேல் நிற்கும் சாதியும் கரையும் என்று எதிர்பார்த்தார். இருப்புப்பாதை வந்தது, திருத்தணியிலும் நிலையம் அமைந்தது. ஆலை நூலும் ஆலைத்துணியும் அதன்வழி வந்து குவிந்தன. சாதி கரைந்ததோ?

இதற்கு விடை வேண்டுவோர் சென்னைப் பெரம்பூர்ப் பக்கத்துப் பின்னி ஆலைகளின் கதையைப் படித்தல் வேண்டும். 1918 ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதற்கு உழைத்தோருள் முதன்மையானவர். ஆலையார் வாடியாவின்மேல் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றனர். அவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சி 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் அதற்கிடையே 1921 வந்தது. மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளருட் பலர் பணிக்குத் திரும்பினர். புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் மாண்டன. வேலைநிறுத்தம் தோற்றது. தொழிலாளரின் ஒற்றுமையைக் குலைத்தோர் என்று ஆதிதிராவிடரைப் பழிப்பது எளிது. பலர் அவ்வாறே எழுதியும் உள்ளனர். நான் அதற்கு உடன்படேன். ஊரில் பண்ணையாளாய்க் கட்டுண்டு கிடந்தவனுக்கு ஆலைக் கூலி என்பது கையிற் காசாக வந்த முதல் விடுதலை. அதனை இழக்குமாறு அவனை அழைத்தவர், அவனைத் தம் தெருவில் நடக்கவும் தம் கிணற்றில் நீரெடுக்கவும் விட்டிருந்தனரா? சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமன்று, தொழிலாளரையே பிரிப்பது என்று டாக்டர் அம்பேத்கர் 1936-இல் எழுதியதன் கருத்து, பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே புளியந்தோப்பில் மெய்ப்பட்டிருந்தது. முதலாளித்துவத்தைக் கண்டிப்போர் இவ்விடத்தில் விழிப்பாயிராவிடின் அவர் கண்டனம் பாதியிலேயே நின்றுவிடும்.

இனி, கூலிக்கணக்குக்கு வருவோம். மார்க்சின் நூலில் துண்டுக்கூலியைப் பற்றி ஒரு சிறு பகுதி உளது. நாட்கூலியைக் காட்டிலும் துண்டுக்கூலி முதலாளிக்கு வசதியானது என்கிறார் அவர். ஏனெனில் மேற்பார்வை வேண்டுவதில்லை. துணியின் நேர்த்தியே மேற்பார்வை. நேரத்தை நீட்டுமாறு எவரும் ஏவ வேண்டுவதில்லை. தொழிலாளி தன் நலங்கருதித் தானே நீட்டிக்கொள்வான். இஃது எவ்வாறு முடியும் என்பதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். பின்வரும் எண்கள் உண்மைக் கூலியல்ல. கணக்கின் எளிமைக்காகக் கொண்டவை. மீட்டருக்குப் 10 ரூபாய் கூலி. ஒருவன் நாளொன்றுக்கு 50 மீட்டர் நெய்கிறான். வரவு 500 ரூபாய். துணிச்சந்தை மந்தம் என்று கூலியை 8 ரூபாயாகக் குறைக்கின்றனர். பழைய 500 ரூபாயைப் பெற அவன் 62½ மீட்டர் நெய்தல் வேண்டும். ஒருவன் அவ்வாறு செய்தால் அவன் தப்பித்துக்கொள்வான். ஊரே அவ்வாறு செய்தால் சந்தையில் நாலில் ஒரு பங்கு துணி மிகுதியாகக் குவியும். விலை மேலும் இறங்கும். 8 ரூபாயும் நில்லாது. ஒவ்வொருவனும் தன் குடும்பத்துக்காகச் செய்த அறிவுடைய செயல், அனைவரையும் சேர்த்து வீழ்த்துகிறது. இதிற் கொடியவன் ஒருவனும் இருக்க வேண்டுவதில்லை. முதலாளி நல்லவராகவும் இருக்கலாம், முருகனடியாராகவும் இருக்கலாம், அவரும் தமக்குமேல் உள்ள மொத்த வணிகரிடம் இவ்வாறே நெருக்குண்டு நிற்கலாம். தனிமனிதரின் பேராசையை வைவது அறநூலாரின் கண்டனம். அடிப்படையை நோக்கும் கண்டனம், நல்லாரையும் இவ்வாறு நடக்கச் செய்யும் முறையை நோக்கியது. மாணவர் பலர் தேர்விற் குழப்பிக்கொள்வது இவ்விடத்தே.

இதே கணக்கு அரசின் உதவிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரு திங்களுக்கொருமுறை குறிப்பிட்ட அளவு மின்சாரம் விலையின்றி அளிக்கப்படுகிறது. நன்று. ஆனால் செலவு குறைந்த நெசவாளன் குறைந்த கூலிக்கும் உடன்படுவான் என்பதைக் கூலி வகுப்போரும் அறிவர். வலிமை ஒரு பக்கமே மிகுந்திருக்கும் பேரத்தில், அரசு ஒருவனுக்கு அளித்த உதவி மற்றவன் பையிற் சென்று சேர்வதற்கு வழி திறந்தே கிடக்கிறது.

சில ஆண்டுகட்கு முன் அப்பக்கத்து நெசவூர் ஒன்றில், கூலி நெசவு செய்யும் ஒருவர் வீட்டில் இக்கணக்கை எழுதிப்பார்த்தேன். அவர் பொறுமையுடன் எல்லாவற்றையும் சொன்னார்: தறி ஓடும் நேரம், அறுந்த இழையை முடியும் நேரம், முதலாளி வீட்டுக்குத் துணியைக் கொண்டுசென்று காத்திருக்கும் நேரம். திண்ணையில் அவருடைய தாயார் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய நேரத்தை எவ்வளவென்று எழுதுவது என்று கேட்டேன். “அம்மாவுக்கு ஏதுங்க ஐயா கணக்கு? சும்மா உக்காந்திருக்கிறதுக்குச் சுத்துறாங்க” என்றார் மகன். அம்மையார் தலை நிமிரவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. தார் இல்லாவிடின் நாடாவில் இடுவது எதனை? ஊடை இல்லாத துணி உண்டோ? கூலி ஒருவர் பெயரில் வருகிறது. உழைப்பு மூவருடையதோ நால்வருடையதோ ஆகிறது.

இப்பொருளைப் பற்றிய தேர்ந்த ஆராய்ச்சி ஆந்திர நாட்டின் நரசாபுரத்திலிருந்தே வந்தது. மரியா மீஸ் என்னும் செர்மானிய அம்மையார் அவ்வூர்ப் பின்னல்வேலைப் பெண்களைப் பற்றி 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். சரிகையன்று, வெண்ணூலாற் செய்யும் நுண்பின்னல் அது. கடல் கடந்து விற்பது. பெண்கள் நாள் முழுதும் உழைத்தனர். ஆயினும் அவர்கள் இல்லத்தரசிகள் என்றும், அவ்வேலை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றும் யாவரும் கருதினர். அவர்களும் அவ்வாறே கருதினர். அக்கருத்தே கூலியை அடிமட்டத்தில் நிறுத்தியது என்பது மீஸ் அம்மையாரின் முடிபு. வீட்டில் இருப்பவள் என்னும் பெயர் ஒருத்தியின் உழைப்பைக் கண்ணுக்குப் புலனாகாமற் செய்துவிடுகிறது. நம் கல்லூரியார் இதிற் கவனிக்கத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. அப்பின்னல்வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்தவர் கிறித்தவ மறைத்தொண்டர். ஏழைமகளிர்க்குப் பிழைப்பு வேண்டும் என்னும் இரக்கத்தால் கற்பித்தனர். இரக்கம் பொய்யன்று. ஆனால் இரக்கம் தொடங்கிவைத்த தொழிலை ஏற்றுமதி வணிகர் கைக்கொண்டபோது, விலை வகுக்கும் ஆற்றல் அப்பெண்களிடம் இல்லை. மிஷன் கல்லூரியிற் படித்த நாம் இதனைப் பிறர் குறையாகப் படிக்க இயலாது.

இவ்விடத்தில் ஜே. சி. குமரப்பாவின் பெயரைச் சொல்லாமல் அப்பாற் செல்ல என் மனம் ஒப்பவில்லை. தஞ்சையிற் பிறந்த தமிழ்க் கிறித்தவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்றவர். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தைக் காந்தியடிகளோடு நின்று நடத்தியவர். பெருந்தொழில் ஓரிடத்திற் குவிதலே தீமையின் வேர் என்பது அவர் கொள்கை. குவிந்த தொழிலைக் காக்க வன்முறை வேண்டும். அது தனியார் கையிலிருப்பினும் அரசின் கையிலிருப்பினும் ஒன்றே. ஆதலின் முதலாளித்துவமும் பொதுவுடைமையும் அவர்க்கு உடன்பாடில்லை. வீடுதோறும் தொழில் பரவுதலே அவர் கண்ட மருந்து. அவருடைய தூய வாழ்வுக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் திருத்தணிப் பக்கத்து ஊர்களில் தொழில் வீடுதோறும் பரவித்தான் கிடக்கிறது. தறி வீட்டில் இருப்பதால் மட்டும் விடுதலை வரவில்லை. நூல் யாருடையது, சந்தை யாருடையது என்னும் வினாக்களுக்கு விடை சொல்லாமல் தறியை மட்டும் வீட்டுக்குள் கொணர்ந்தால், ஆலையின் கண்டிப்பே வீட்டுக்குள் வந்து குடியேறுகிறது. மனைவியையும் மக்களையும் முடுக்கும் வேலையைக் கணவனே மேற்கொள்கிறான். குமரப்பாவின்மேல் எனக்குள்ள குறை இதுவே. அவரும் கூட்டுறவை வேண்டினார் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இவ்வினாக்களை அஞ்சாமல் எழுப்பியவர் சிங்காரவேலர். 1923-இல் மே முதல் நாளைச் சென்னைக் கடற்கரையிற் கொண்டாடியவர். 1925-இல் கான்பூரிற் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1931-இல் 'குடிஅரசு' இதழ் பொதுவுடைமை அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. திரு. வி. க. அவர்களோ மார்க்சியத்தைச் சன்மார்க்கத்தோடு இயைக்க முயன்றார். திருத்தணியிற் பிறந்து, வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற டாக்டர் இராதாகிருட்டிணன், 1947-இல் வெளிவந்த 'சமயமும் சமூகமும்' என்னும் நூலில் மார்க்சின் சமூக நோக்கத்தைப் போற்றி, அவர் பொருள்முதற்கொள்கையை மறுத்தார். பின்னர் 1949 முதல் 1952 வரை சோவியத்து நாட்டில் நம் தூதராகவும் இருந்தார். இவரெல்லாரும் ஒரு கருத்தினர் அல்லர். பொதுவுடைமையின் பெயரால் சோவியத்து நாட்டில் நிகழ்ந்த கொடுமைகளும், 1991-இல் அவ்வரசு வீழ்ந்ததும் இக்கண்டனங்களை முறையாகச் சோதிக்கின்றன. நோயைச் சரியாக அறிந்த மருத்துவன் தவறான மருந்து தருதல் உண்டு. ஆனால் மருந்து தவறியது என்பதால் நோய் இல்லை என்றாகாது.

எல்லைப்புறத்து ஊர் என்பதால் மற்றொன்றும் சொல்ல வேண்டியுளது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்பிரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அஃது உரிமையுள்ள போராட்டம். ஆனால் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கங்களிலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. மாந்தரை மொழி பிரிக்கிறது. பாவை எம்மொழியும் பிரிப்பதில்லை. ஈண்டுக் கூலி உயருமாயின் பாவு எந்தப் பக்கம் உருளும் என்பதைச் சொல்லப் பொருளியற் பட்டம் வேண்டுவதில்லை. ஆதலின் எல்லையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிகழும் கூலிப்போராட்டம் எத்துணை நியாயமுடையதாயினும், ஒரு கையாற் பாவு ஓட்டுவது போன்றதே.

மருந்துகள் இல்லாமல் இல்லை. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935-இல் தோன்றியது. நூலையும் சந்தையையும் நெசவாளர் கைக்கே கொணர்தல் அதன் நோக்கம். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சேலை, வேட்டி, லுங்கி முதலிய வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. விசைத்தறி அவ்வேலியைத் தாண்டிய இடங்கள் பல என்பதை நெசவூர்களிற் கண்ணால் காணலாம். கூட்டுறவு ஏன் பல இடங்களில் தளர்ந்தது, சில இடங்களில் ஏன் நிலைத்தது என்பது தனியாக ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு நூலகம் மட்டும் போதாது.

இவ்விடுமுறையில் நெசவூர்களுக்குச் செல்லும் மாணவர் ஒரு தாளில் கணக்கெடுத்து வருவாராயின் பெரிதும் உதவியாகும். ஒரு பாவுக்கு வந்த கூலி, சென்ற நாள்கள், தறிப்பழுதுக்கான செலவு, பாவின்றி நின்ற நாள்கள், அவ்வீட்டில் உழைத்தோர் எத்தனை பேர் என்பவற்றை எழுதுக. உழைத்தோர் எத்தனை பேர் என்று ஆடவரிடம் ஒருமுறை கேட்டபின், தார் சுற்றுவோரிடம் மறுமுறை கேட்டு எழுதுக. இரு விடைகளையும் அடித்தல் திருத்தலின்றி அப்படியே கொண்டுவருக.